சேலம்–மும்பை லைன் லாரிக்குப் போகலாமா?

கேள்வி இதுதான். தாராவியில் வளர்ந்த 26 வயதுத் தம்பி ஒருவர், இப்போது தாராவிக்கும் பிவண்டிக்கும் நடுவே சோட்டா ஹாத்தி, அதாவது நம் ஊர்க் குட்டியானை, ஓட்டுகிறார். போன வருடம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. சங்ககிரியில் தாய்மாமாவிடம் 14 சக்கர லாரி ஒன்று இருக்கிறது. "வாடா, சேலம்–மும்பை லைன் நீயே ஓட்டு" என்று மாமா கூப்பிடுகிறார். போகலாமா, போனால் என்ன கிடைக்கும், எதை இழக்க வேண்டிவரும், மனைவியை மும்பையிலேயே வைப்பதா ஊருக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறார்.

இந்த லைனில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு இப்போது நவி மும்பையில் கலம்போலி இரும்பு மார்க்கெட் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் லோடு பார்க்கிறேன். விடிந்தால் டிரைவர்கள் முகத்தில்தான் விழிக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் தம்பி, பொறுமையாகப் படியுங்கள்.

லாரித் தொழிலைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ரோட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். ராத்திரி ஓட்டம், தூக்கம், விபத்து, போலீஸ். அதெல்லாம் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் ஒரு டிரைவர் குடும்பம் தலையெடுக்கிறதா, வட்டிக்கு வாங்கியே காலம் தள்ளுகிறதா என்பது, நான் பார்த்த வரையில், வண்டி நிற்கிற நாட்களில்தான் இருக்கிறது. லோடு ஏற்ற நிற்பது, இறக்க நிற்பது, ரிட்டன் லோடுக்கு நிற்பது. அந்த நாட்களுக்குக் கூலி உண்டா, உண்டென்றால் யார் தருவது? இதைப் பேசி முடிக்காமல் இந்த வேலை நல்லதா கெட்டதா என்று எடை போடவே முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே வழியாகக் கலம்போலி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி, மலையும் இறக்கமும் சேர்த்து, சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல ஓட்டம். அப்படி வைத்தாலும் 30 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். ஒரு ஆள் ராத்திரி தூங்கி எழுந்து ஓட்டினால் மூன்று நாள். போக வர ஆறு நாள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாள் நின்றால் எட்டு நாளில் ஒரு நடை முடியும். மும்மூன்று நாள் நின்றால் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரு நடைக்கு வழிச்செலவு போக உங்கள் கையில் 8,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு நாள் கணக்கில் மாதம் 30,000 வரும். பன்னிரண்டு நாள் கணக்கில் 20,000தான். ஓட்டின தூரத்துக்கு உடம்பு படும் பாடு ஒன்றுதான், டிரைவரின் திறமையிலும் குறைவில்லை. பத்தாயிரம் ரூபாய் எங்கே போயிற்று? வாஷி மார்க்கெட் வாசலிலும் பிவண்டி குடோன் வாசலிலும் கலம்போலி பார்க்கிங்கிலும் போயிற்று.

மும்பை முனையில் இந்த நிற்கிற நாட்கள் அதிகம். நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. பகலில் போய்ச் சேர்ந்தால் இருட்டும் வரை வெளியே நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறக்க ஆள் கிடைக்காது. தீபாவளிக்கு மார்க்கெட் சில நாள் மூடிவிடும். கணபதி சமயத்தில் பன்வேலிலிருந்து கோவா பக்கம் போகிற ரோட்டில் லாரிகளை நிறுத்திவிடுவார்கள், அந்த நெரிசல் நம் பக்கமும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழையில் இறக்க முடியாது, தார்ப்பாயை அவிழ்க்கவே முடியாது. கன்டெய்னர் வண்டி என்றால் நவசேவா துறைமுக வரிசை தனிக் கதை. இத்தனைக்கும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மும்பையின் ஆக்ட்ராய், அதாவது நகர நுழைவு வரி, வசூல் நின்ற பிறகு நிலைமை எவ்வளவோ தேவலாம். அதற்கு முன்பு முலுண்டு, வாஷி, ஐரோலி, தகிசர் நாக்காக்களில் லாரிகள் நின்ற நிற்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வண்டியைக் குறித்த நேரத்துக்கு மேல் நிறுத்தினால் பார்ட்டி (சரக்குக்காரர்) ஹால்டிங் என்கிற காத்திருப்புக் கூலி தர வேண்டும் என்று பேசி லோடு எடுப்பதுண்டு. பணம் வந்தால் ஓனரிடம்தான் வரும். அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா என்பதை லோடு ஏற்றும் முன்பே கேளுங்கள். தாய்மாமா என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் பிற்பாடு உறவையே முறிக்கும். ஒரு நாள் நின்றால் இவ்வளவு பேட்டா என்று நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஓனர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். நாமக்கல், சங்ககிரி பக்கம் கணக்கு நோட்டு சுத்தமாக வைத்திருக்கிற ஓனர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பலர் கிளீனராக வந்து, டிரைவராகி, பைனான்ஸ் போட்டு வண்டி வாங்கியவர்கள்.

சம்பளம் எந்த முறையில் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். மாதச் சம்பளமும் பேட்டாவும் ஒரு முறை. வாடகையில் இவ்வளவு சதவீதம் என்பது இன்னொன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது மூன்றாவது. நான்காவது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். டீசல், சாப்பாடு, வழியில் ஆகிற மாமூல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "மிச்சம் பிடிச்சா உனக்கு" என்று சொல்லிவிடுவது. கேட்க நன்றாக இருக்கும். அந்த மிச்சத்தை எங்கே பிடிப்பது? டோல் இப்போது ஃபாஸ்டேகில் போய்விடுகிறது. சாப்பாட்டில் எவ்வளவு குறைக்க முடியும்? டீசலில்தான் கை வைக்க முடியும். அதனால் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுகிறார்கள்.

புனேயில் புதிய காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை நீண்ட இறக்கம் வரும். அங்கே நடக்கிற விபத்துகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2022 நவம்பரில் ஒரு கனரக வண்டி அந்த இறக்கத்தில் வந்து வரிசையாக எத்தனையோ வண்டிகளை இடித்துத் தள்ளியது. பாரத்தோடு இறங்கும்போது கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிரேக் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு ஏர் ஏறுவதும் நின்றுபோகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். சில லிட்டர் டீசலுக்காக இதைச் செய்கிறார்கள். செய்கிறவனைத் திட்டுவது எளிது. அவனுக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. மாமா இந்த முறையைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கோ, சதவீதமோ பேசுங்கள்.

இந்த லைனில் நவலே இறக்கம் முடிந்ததும் அடுத்து கண்டாலா இறக்கம் வரும். திரும்பும்போது தொப்பூர். தர்மபுரி தாண்டிச் சேலம் நோக்கி வருகிறவனுக்கு அது இறக்கம், அந்த நேரத்தில் கலம்போலியில் ஏற்றிய இரும்புக் காயில் (தகட்டுச் சுருள்) முதுகுக்குப் பின்னால் இருக்கும். காயிலைச் சங்கிலி போட்டு, கட்டை கொடுத்து ஒழுங்காகக் கட்டாவிட்டால், திடீரென்று பிரேக் அடிக்கும்போது அது கேபினை நோக்கித்தான் வரும். ஏற்றும் இடத்தில் "ஆயிடுச்சு, கிளம்பு" என்று விரட்டுவார்கள். நீங்களே ஏறிப் பார்த்துத் திருப்தியான பிறகு கிளம்புங்கள். அரை மணி நேரம் தாமதமானதற்காக யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள்.

இனி நேரத்தைப் பற்றி. 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. நீண்ட தூர ஓட்டத்துக்குப் 10 மணி நேரம் வரை இடம் கொடுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. 10 மணி நேரம் என்று வைத்தாலும் மும்பை மூன்று நாள் ஓட்டம்தான். பார்ட்டி இரண்டு நாளில் கேட்பார். ஓனர் சரி என்பார். அந்த ஒரு நாள் உங்கள் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். முன்பு நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2018இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். விதி இருந்த காலத்திலேயே பல வண்டியில் ஒரே டிரைவர்தான், இரண்டாவது ஆள் பேப்பரில் மட்டும் இருப்பார். இப்போது அதுவும் தேவையில்லை. கிளீனர் வேலைக்கு வருகிற பையன்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் தனி ஆளாகவே பலர் ஓட்டுகிறார்கள். டயர் பஞ்சரானால் தனியாக, தார்ப்பாய் கட்டுவது தனியாக, ராத்திரி காவலும் தனியாக.

2020இல் சேவ்லைஃப் அறக்கட்டளை மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூரு உட்படப் பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. களைப்பாக இருக்கும்போதும் தூக்கம் சொக்கும்போதும் ஓட்டுவதாக ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்னார்கள். 84 சதவீதம் பேர், சொந்தபந்தத்தில் யாரையும் இந்த வேலைக்கு வரச் சொல்ல மாட்டோம் என்றார்கள். என் ஆபீசுக்கு வருகிறவர்களைக் கேட்டாலும் அதேதான் சொல்வார்கள். மகன் டிரைவர் ஆவதை விரும்புகிற டிரைவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். இதை மாமாவிடம் நிபந்தனையாகவே சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரம் டீக்கோ, ஹான்ஸுக்கோ, பாட்டுக்கோ கட்டுப்படாது. கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். பல டிரைவர்கள் புகையிலைக்கு அடிமையாவது இந்த நேரத்தைத் தாண்டுவதற்காகத்தான். ஜி.பி.எஸ். வந்த பிறகு வண்டி நின்றால் ஓனருக்குத் தெரிந்துவிடுகிறது, "ஏன் நிக்குது?" என்று ராத்திரியில் போன் வருகிறது. தூங்குகிற டிரைவரைப் போன் போட்டு எழுப்புகிற ஓனரிடம் வேலை பார்க்காதீர்கள், அது மாமாவாகவே இருந்தாலும்.

உடம்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். முதுகுவலி, மூலம், சர்க்கரை, பிரஷர். வழியில் ஒண்ணுக்குப் போக இடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் நிறைய. பெரிய பெரிய கம்பெனிகளின் வாசலில் லாரி டிரைவரைக் கழிப்பறைக்குள் விடுவதில்லை. கோடிக்கணக்கான சரக்கை நம்பிக் கையில் கொடுப்பார்கள், கழிப்பறைச் சாவியைத் தர மாட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நல்ல செய்தியும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்கள் குளித்துத் தூங்க இடம் கட்டி வருகிறார்கள். மாமாவின் வண்டி பழையது என்றால் ஏ.சி. இருக்காது. சித்ரதுர்கா பக்கம் ஏப்ரல், மே வெயிலில் எஞ்சின் சூடும் சேர்ந்து கேபின் எப்படிக் கொதிக்கும் என்பதை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரோட்டோரத் தொடர்புகளால் எச்.ஐ.வி. பரவி, நாமக்கல் பக்கம் பல குடும்பங்கள் சிதைந்த காலம் ஒன்று இருந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு லாரி டிரைவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்து, லாரிகள் கூடும் இடங்களில் கிளினிக் நடத்தி, அந்த நிலைமை நிறைய மாறியிருக்கிறது. புதிதாகக் கல்யாணமானவர் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

விபத்து என்று வந்துவிட்டால் தவறு யார் பக்கம் இருந்தாலும் பெரிய வண்டிக்காரன் மேல்தான் கை ஓங்குவார்கள். அடிக்குப் பயந்துதான் பல டிரைவர்கள் ஓடுகிறார்கள். 2024 புத்தாண்டில் நாடு முழுவதும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியது இதற்காகத்தான். புதிய தண்டனைச் சட்டத்தின் 106வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவில், விபத்தில் ஆள் இறந்து டிரைவர் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 வருடம் வரை சிறை என்று இருந்தது. அந்த உட்பிரிவை நிறுத்தி வைத்துவிட்டு 2024 ஜூலை 1இல் மற்றச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கவனக்குறைவால் மரணம் என்ற முதல் உட்பிரிவில் 5 வருடம் வரை தண்டனை உண்டு.

நீங்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாத நிலை என்றால் அதற்குச் சட்டமே விலக்கு கொடுக்கிறது. அந்த நிலையில் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குச் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். உயிருக்குப் பயந்து அங்கிருந்து விலகலாம், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். வழியிலேயே 112க்குப் போன் போடுங்கள். போன் போட்டது பதிவாகும், பிற்பாடு கோர்ட்டில் அது உங்களைக் காக்கும்.

கூடவே வண்டியின் இன்சூரன்ஸ் பேப்பரை வாங்கிப் பாருங்கள். சம்பள டிரைவருக்கான பொறுப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிரீமியம் மிகக் குறைவு. வேலையில் இருக்கும்போது டிரைவருக்கு ஏதாவது ஆனால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி குடும்பத்துக்குப் பணம் வர வேண்டும். ஆனால் நீங்கள் மாமாவிடம் வேலை செய்தீர்கள் என்பதற்குச் சம்பளக் கணக்கு வேண்டுமே. "சொந்தக்காரன், உதவிக்கு ஓட்டினான்" என்று ஆகிவிட்டால் உங்கள் மனைவிக்கு ஒன்றும் வராது. மாதச் சம்பளம் பேங்கில் வரட்டும். ஓவர்லோடு ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதிகமாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பணத்தை ஓனர் கட்டலாம், பிரேக் பிடிக்காவிட்டால் போகிற உயிர் உங்களுடையது. புனே எக்ஸ்பிரஸ்வேயில் கேமரா வைத்து லேன் மாறினால் இ-செலான் போடுகிறார்கள். எந்த அபராதம் உங்கள் கணக்கு, எது வண்டிக் கணக்கு என்பதும் அந்த நோட்டில் ஏறட்டும்.

இவ்வளவு கெட்டதைச் சொல்லிவிட்டேன். இனி இந்த வேலை கொடுக்கிறதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் எனக்குத் தெரியும்.

டிரைவருக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. கலம்போலியில் டிரைவர் இல்லாமல் நிற்கிற வண்டிகளை நான் தினமும் பார்க்கிறேன். நல்ல டிரைவர் ஒருவர் ஓனரிடம் கோபித்துக்கொண்டு காலையில் இறங்கினால் மாலைக்குள் வேறு வண்டியில் ஏறிவிடலாம். எத்தனை வேலையில் இது முடியும்? தாராவியில் தையல் யூனிட்டிலும் தோல் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள் முதலாளி முகம் பார்த்தே வயசாகிறார்கள். படிப்புச் சான்றிதழ் கேட்டுக் கதவைச் சாத்துகிற நாட்டில், எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியைக்கூட 2019இல் எடுத்துவிட்டார்கள். கைத்திறமை ஒன்றே போதும். இன்றைக்குச் சோட்டா ஹாத்தியில் நீங்கள் டீசல், டிராபிக், வாடகை எல்லாம் போக மிச்சம் பார்ப்பதைவிட, ஒழுங்கான ஓனரிடம் கனரக வண்டி ஓட்டினால் மாதம் கூடுதலாகவே மிஞ்சும். லைனில் இருக்கும்போது வீண் செலவுக்கு வழி குறைவு. வண்டியிலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குப் பணம் மொத்தமாகச் சேரும். நம் ஊர் டிரைவர்கள் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், அடுப்பு எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். கோலாப்பூர் தாண்டி மரத்தடியில் நிறுத்தி ரசம் வைத்துச் சாப்பிடுகிற வண்டிகளைப் பார்த்தாலே நம்பர் பிளேட் பார்க்காமல் தமிழ்நாட்டு வண்டி என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும்: அடுப்பைக் கேபினுக்குள் பற்றவைக்காதீர்கள்.

வேலையில் ஒரு நிமிர்வும் இருக்கிறது. ஏற்றும் சரக்கு எங்கே உட்கார்ந்தால் எந்த ஆக்ஸிலில் பாரம் விழும் என்று பார்த்தவுடன் தெரிவது, வளைவுக்கு முன்பே சரியான கியரில் வந்து நிற்பது, மழைக்காற்றில் தார்ப்பாய் படபடக்கிற சத்தத்தை வைத்தே எந்தக் கயிறு தளர்ந்தது என்று கண்டுபிடிப்பது. சேலத்து ஜவ்வரிசி மூட்டை ஒன்றுகூட நனையாமல் வாஷியில் இறங்கும்போது வருகிற நிறைவு எனக்கு ஆபீஸ் நாற்காலியில் வந்ததில்லை. மகாராஷ்டிராவில் நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் வீடு வீடாகச் சாபுதானா கிச்சடி செய்கிறார்கள் என்றால், அந்த ஜவ்வரிசியைக் கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ ஒரு டிரைவர். உங்களுக்கு இன்னொரு பலம் உண்டு. மும்பையில் வளர்ந்ததால் இந்தியும் மராத்தியும் பேசுவீர்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற டிரைவர் வாராய், அதாவது சரக்கு இறக்கும் கூலி, பேசத் தெரியாமல் திணறுவார். 1969ஆம் வருடத்து மாத்தாடி (சுமைத் தொழிலாளர்) சட்டம் இருப்பதால் மகாராஷ்டிராவில் பல இடங்களில் பதிவான தொழிலாளர்கள்தான் சரக்கை இறக்க வேண்டும். கூலியைப் பார்ட்டி தருவதா வண்டி தருவதா என்ற சண்டை அடிக்கடி வரும். மொழி தெரிந்தவருக்கு அந்தச் சண்டை பாதியிலேயே முடிந்துவிடும், அதனால் நிற்கிற நேரமும் குறையும்.

லைசென்ஸ் விஷயம் ஒன்று. இப்போது நீங்கள் எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸில் சோட்டா ஹாத்தி ஓட்டுவீர்கள். 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு அது போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. 14 சக்கரத்துக்கு அது செல்லாது. 2018இல் கூட்டிய எடை வரம்புப்படி அந்த வண்டி பாரத்தோடு 43.5 டன் வரை போகலாம். பயிற்சிப் பள்ளிச் சான்றும் மருத்துவச் சான்றும் வைத்து ஹெவி லைசென்ஸ் எடுத்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். "லைன்ல பழகிக்கலாம், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று மாமா சொன்னால் கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி மாமாவையும் சேர்த்து நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

ஆகவே என் அபிப்பிராயம்: போகலாம், ஆனால் உடனே முதல் டிரைவராக வேண்டாம். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு, மாமா வண்டியில் இப்போதிருக்கிற டிரைவரோடு இரண்டாம் ஆளாகச் சில மாதம் போங்கள். அதில் மழைக்காலமும் ஒன்று இருக்கட்டும். நவலே இறக்கமும் தொப்பூரும் பக்கத்தில் அனுபவமுள்ளவர் இருக்கும்போது பழகட்டும். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் சம்பள முறை, ஹால்டிங் பேட்டா, விடியற்காலை ஓட்டம் இல்லை என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை எடுங்கள். மாமா மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஒத்துவராவிட்டாலும் சோட்டா ஹாத்தியே மேல். ராத்திரி வீட்டுக்கு வருகிறீர்களே, அது சின்ன விஷயம் இல்லை.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். ஊரில் டிரைவருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்குக் கல்யாணம் ஆனபோது நீங்கள் லைன் டிரைவர் இல்லை. அதனால் இந்த முடிவில் அந்தப் பெண்ணுக்குச் சரிபாதி பங்கு இருக்கிறது, முதலில் அவரிடம் பேசுங்கள். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம். போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற வசதி வந்திருக்கிறது, முன்பு அதுவும் இல்லை.

ஊருக்கு அனுப்ப வேண்டாம், தாராவியிலேயே இருக்கட்டும் என்பேன். சங்ககிரி பக்கம் லோடு ஏற்றுவது பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும், அங்கே நீங்கள் அதிகம் தங்க மாட்டீர்கள். நிற்கிற நாட்கள் பெரும்பாலும் மும்பை முனையில்தான். மற்ற டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துக் கழிக்கிற அந்த இரண்டு மூன்று நாள் உங்களுக்கு வீட்டில் கழியும். கலம்போலியிலிருந்து மானசரோவர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஹார்பர் லைனில் குர்லா, குர்லாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். ஆனால் வண்டியைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. டீசல் உறிஞ்சுகிறவர்களும் ஸ்டெப்னி கழற்றுகிறவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அதனால் கிளீனர் ஒருவர் உண்டு என்றோ, காவலுள்ள பார்க்கிங்குக்குக் காசு வண்டிக் கணக்கில் என்றோ மாமாவிடம் பேசுங்கள். நோட்டில் அதை நான்காவதாக எழுதிக்கொள்ளுங்கள்.